கரித்தூளுக்கு ஓர் உரைகல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகனங்களுக்கான ரப்பர் உதிரிபாகங்களைத் தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றை என் பழைய மாணவர் ஒருவர் நடத்தி வருகிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்தவர், பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜை மீது வைத்தார். உள்ளே அடுப்புக்கரியை இடித்துச் சலித்தாற்போல் கருநிறத் தூள். மேலே ஒட்டியிருந்த தாளில் 'கிராஃபீன்' என்று அச்சிட்டிருந்தது.

"ரப்பர் கலவையில் இதைச் சிறிதளவு சேர்த்தால் தேய்மானம் குறையும் என்றார்கள், சார். முதல் முறை வாங்கியது நன்றாகத்தான் வேலை செய்தது. இரண்டாம் முறை வாங்கியதில் ஒரு மாற்றமும் இல்லை. விற்றவரைக் கேட்டால், நீங்கள் கலக்கிய விதம் தவறு என்கிறார். பரிசோதனைக்குக் கொடுத்தேன். கட்டணம் வாங்கிக்கொண்டு மேடும் பள்ளமுமாக ஒரு வரைபடம் கொடுத்தார்கள். டப்பாவில் இருப்பது கிராஃபீனா, பென்சில் தூளா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை" என்றார்.

முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். இயற்பியலை ஓர் ஆர்வமுள்ள வாசகனாக மட்டுமே அறிவேன். ஆனால், மாணவர் எழுப்பிய கேள்வி இயற்பியல் கேள்வியன்று. அது முழுக்க முழுக்கப் பொருளாதாரக் கேள்வி. நானோ தொழில்நுட்பத்தில் நாம் முன்னேறுவதற்குப் பணம் போதவில்லை, அறிவியலாளர்கள் போதவில்லை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அம்பத்தூரில் நான் கண்டது வேறொரு பற்றாக்குறை. விற்பவர் சொல்வதை வாங்குபவர் நம்புவதற்கு ஓர் ஆதாரமில்லை.

கிராஃபீன் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பென்சிலால் தாளில் கோடு இழுக்கும்போது அதிலுள்ள கிராஃபைட் அடுக்கடுக்காக உரிந்து தாளில் ஒட்டிக்கொள்கிறது. அந்த அடுக்குகளுள் ஒன்றை மட்டும், அதாவது ஓர் அணு அளவே தடிமன் கொண்ட கரிமப் படலத்தை மட்டும் தனியே பிரித்தால் அதுவே கிராஃபீன். தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோண வடிவில் கரிம அணுக்கள் அதில் பின்னிக் கிடக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கிராஃபைட்டில் ஏறத்தாழ 30 லட்சம் படலங்கள் அடங்கியிருக்கின்றன.

2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் இந்தப் படலத்தைப் பிரித்தெடுத்த கதை பலரும் அறிந்ததுதான். அவர்கள் பயன்படுத்திய முதன்மைக் கருவி, கடையில் விற்கும் ஒட்டும் நாடா. கிராஃபைட் துண்டின் மீது நாடாவை ஒட்டி ஒட்டி உரித்தே ஒற்றைப் படலத்தை எட்டினார்கள். 2010-இல் இருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. எஃகைவிடப் பன்மடங்கு இழுவலிமை, செம்பைவிட மேலான வெப்பக் கடத்தல், ஒளி ஊடுருவும் மென்மை என்று கிராஃபீனின் பண்புகள் பட்டியலிடப்பட்டன. அதிசயப் பொருள் என்ற பெயரும் வந்தது. அதிசயம் என்ற பெயர் வந்த பொருளுக்குப் போலியும் உடன் வருவது உலக வழக்கம்.

2018-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், உலகெங்கும் 60 நிறுவனங்கள் கிராஃபீன் என்ற பெயரில் விற்ற தூள்களை வாங்கிச் சோதித்தனர். பத்து படலங்கள் வரை உள்ள துகளையே கிராஃபீன் வகையில் சேர்ப்பது வழக்கம். அதற்கு மேற்பட்டது வெறும் கிராஃபைட். இந்த அளவுகோலால் பார்த்தபோது, பெரும்பாலான நிறுவனங்களின் தூளில் கிராஃபீன் 10 விழுக்காடுகூட இல்லை. பாதிக்கு மேல் கிராஃபீன் இருந்த தூள் ஒன்றும் அகப்படவில்லை. என் மாணவரின் டப்பாவில் என்ன இருந்தது என்பதை நான் அறியேன். ஆனால், அவருடைய ஐயம் உலக அளவிலான ஐயம் என்பது தெரிகிறது.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்த நிலைமை புதிதன்று. 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், பழைய கார்ச் சந்தையை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்ல கார் என்று பிரித்தறிய முடியாத வாங்குபவர், எல்லாக் காருக்கும் நடுத்தரமான ஒரு விலையைத்தான் தரத் துணிவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க அதன் உரிமையாளர் முன்வரமாட்டார். ஆகவே, நல்ல கார்கள் மெல்ல மெல்லச் சந்தையைவிட்டு விலகும், பழுதானவையே எஞ்சும். அதனால் வாங்குபவர் தர முன்வரும் விலை இன்னும் குறையும். இறுதியில் சந்தையே அழிந்துபோகலாம். இத்தகைய ஆய்வுகளுக்காக 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காருக்குப் பதிலாகக் கரித்தூளை வைத்துப் பாருங்கள். உண்மையான கிராஃபீனைச் செலவு செய்து தயாரிக்கும் நிறுவனம், கிராஃபைட்டை அரைத்து விற்பவரோடு விலையில் போட்டியிட முடியாது. ஒருமுறை ஏமாந்த தொழிற்கூடக்காரர் அதன் பிறகு எவரிடமும் வாங்கமாட்டார். என் மாணவரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தார். ஆய்வகத்தில் வெற்றி பெற்ற ஒரு பொருள் சந்தையில் தோற்பதற்கு இதுவே போதும்.

நம் சமூகத்துக்கு இந்தச் சிக்கலும் தெரியும், தீர்வும் தெரியும். தங்கம் வாங்குவதில் இதே ஏற்றத்தாழ்வு இருந்தது. அதற்காகவே உரைகல் இருந்தது. பின்னர், 2000-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் முத்திரை வந்தது. 2021 ஜூன் முதல் 256 மாவட்டங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. இன்று பூந்தமல்லி கடைத்தெருவில் அரைப் பவுன் வாங்குபவர்கூட அந்த முத்திரையைப் பார்த்துத்தான் வாங்குகிறார். உரைகல் தங்கத்தை உற்பத்தி செய்வதில்லை. ஆனால், அது இல்லாவிட்டால் நேர்மையான பொற்கொல்லர் பிழைக்க முடியாது.

கிராஃபீனுக்கும் உரைகல் இருக்கிறது. அதன் பெயர் ராமன் நிறமாலைமானி. ஒரு துகளின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியில் ஏற்படும் நிறமாற்றத்தை அளந்தால், அத்துகளில் படலங்கள் ஒன்றா, சிலவா, பலவா என்பதை அறிய முடிகிறது. திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன் 1928-இல் கொல்கத்தாவில் கண்டறிந்த விளைவு அது. உலகின் எந்த மூலையில் கிராஃபீனைச் சோதித்தாலும் அவருடைய பெயரைச் சொல்லித்தான் சோதிக்கிறார்கள். அவர் படித்த நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள தொழிற்கூடக்காரருக்கு மட்டும் அந்தச் சோதனையின் பயன் எட்டவில்லை.

சென்னையில் கருவிகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலும் கிண்டியிலுள்ள பல்கலைக்கழக வளாகங்களிலும் அவை உள்ளன. சில வெளியாருக்கும் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. ஆனால், அந்த ஏற்பாடுகள் ஆய்வு மாணவர்களையும் பேராசிரியர்களையும் மனத்தில் கொண்டு அமைந்தவை. வரைபடத்தைக் கொடுத்தால் அவர்கள் படித்துக்கொள்வார்கள். சிறு தொழில் நடத்துபவருக்குத் தேவை வரைபடமன்று. 'இத்தூளில் இத்தனை விழுக்காடு கிராஃபீன் உள்ளது, சென்ற முறை வாங்கியதற்கும் இதற்கும் வேறுபாடு இவ்வளவு, உங்கள் கலவைக்கு இது பொருந்தும் அல்லது பொருந்தாது' என்று பொறுப்பேற்றுச் சொல்லும் ஒரு சான்று. கருவிக்கும் சான்றுக்கும் இடையில் மனிதர்களும் தரநிலைகளும் ஒரு நிறுவனமும் வேண்டும். அந்த நிறுவனம்தான் நம்மிடம் இல்லை.

அடையாறுக்கும் அம்பத்தூருக்கும் இடையே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவுதான். அடையாறு பக்கத்தில், உலகம் மதிக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, 2012-இல் சாதாரணச் சர்க்கரையைக் கரிமமாக்கி, மணல் துகள்களின் மேல் கிராஃபீன் பூச்சாகப் படியவைத்து, அந்த மணலைக் கொண்டு தண்ணீரிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சத்தை அகற்றிக் காட்டியது. அதே வளாகத்தில், ஆய்வகத்தில் வைரம் வளர்ப்பதற்கான மையத்துக்கு ஐந்தாண்டுகளில் 242 கோடி ரூபாய் வழங்க மத்திய அரசு 2023-இல் முடிவு செய்தது. வைரமும் கரிமம்தான். நைட்ரஜன் அணு புகுந்த வைரத்தில் எலெக்ட்ரானின் தற்சுழற்சியை அறை வெப்பநிலையிலேயே கையாள முடியும் என்பதால், நகைக் கடைக்கு அப்பாலும் அதற்குப் பயன் உண்டு.

மறுமுனையில், அம்பத்தூரிலும் ஆவடியைச் சுற்றியும் ரப்பர், வண்ணப்பூச்சு, வார்ப்பு, மசகு எண்ணெய், மின்கம்பி, பிளாஸ்டிக் என்று நூற்றுக்கணக்கான சிறு தொழில்கள். இன்றைக்குக் கிராஃபீன் உண்மையிலேயே பயன்படும் துறைகள் இவைதாம். ஃபோர்டு நிறுவனம் 2018-இன் இறுதியில் தன் வாகனங்களின் எஞ்சின் பகுதி உறைகளில் கிராஃபீனைச் சேர்க்கத் தொடங்கியபோது, அதன் அளவு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தச் சிட்டிகை அளவே இரைச்சலைக் குறைக்கவும் வெப்பத்தைத் தாங்கவும் உதவியதாக நிறுவனம் அறிவித்தது. பெரிய நிறுவனத்துக்குச் சொந்த ஆய்வகம் உண்டு. வாங்கும் தூளைத் தானே சோதித்துக்கொள்ளும். முப்பது பேர் வேலை செய்யும் தொழிற்கூடம் என்ன செய்யும்?

நானோ அளவிலான தொழில்நுட்பங்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் பேசுவது நம்மிடம் உள்ள இன்னொரு குழப்பம். அவை ஒவ்வொன்றும் பலன் தரும் காலம் வேறு வேறு. நெல்லுக்கும் தென்னைக்கும் ஒரே பருவத்தில் அறுவடை கேட்பவர் விவசாயம் அறியாதவர்.

தூள் வடிவிலான கிராஃபீன் குறுகிய காலப் பயிர். இன்றே விற்பனையில் இருக்கிறது. அதன் தேவை உரைகல். ஸ்பின்ட்ரானிக்ஸ் எனப்படும் தற்சுழற்சி மின்னணுவியல் நடுத்தரக் காலப் பயிர். வழக்கமான மின்னணுவியல் எலெக்ட்ரானின் மின்சுமையைப் பயன்படுத்துகிறது. இது எலெக்ட்ரானின் தற்சுழற்சியை, அதாவது அது ஒரு மிகச் சிறிய காந்தம் போல் ஒரு திசையை நோக்கி நிற்பதைப் பயன்படுத்துகிறது. 1988-இல் பிரான்ஸில் ஆல்பர் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த ஒரு காந்த விளைவு, 1997-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினி வட்டுகளில் படிப்பு முனையாக வந்துவிட்டது. 2007-இல் இருவருக்கும் நோபல் பரிசு. நம் கணினிகளின் நினைவகம் மலிவானதற்கு அந்த விளைவும் ஒரு காரணம்.

மூலக்கூறு மின்னணுவியல் நெடுங்காலப் பயிர். ஒற்றை மூலக்கூறையே மின்னணுக் கருவியாகப் பயன்படுத்தலாம் என்று அவிராம், ராட்னர் என்ற இருவர் 1974-இல் கோட்பாட்டளவில் காட்டினார்கள். சரியாக ஐம்பதாண்டுகள் கழித்து, 2024-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீதோஷ் கோஸ்வாமியின் குழு, மூலக்கூறுகளாலான ஒரு மெல்லிய படலத்தில் 16,500 வெவ்வேறு நிலைகளில் தகவலைப் பதித்து, 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. சாதாரண நினைவகச் சில்லில் ஓர் இடத்தில் இருப்பது பூஜ்யம் அல்லது ஒன்று என்னும் இரண்டு நிலைகளே என்பதை நினைத்தால் இதன் வீச்சு புரியும். செயற்கை நுண்ணறிவுக்குத் தேவையான கணக்கீட்டைக் குறைந்த மின்சாரத்தில் செய்ய இது வழிவகுக்கலாம். எனினும், இது இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. ஐம்பதாண்டு காத்திருக்கும் பொறுமை எந்தத் தனியார் முதலீட்டாளருக்கும் கிடையாது. அறிவு என்பது ஒருவர் உருவாக்கப் பலரும் பயன்பெறும் பொருள். ஆகவே, சந்தை அதில் போதிய அளவு முதலிடாது என்று கென்னத் ஆரோ 1962-இலேயே விளக்கிவிட்டார். இங்கே அரசின் கை தவிர்க்க முடியாதது.

அந்தக் கை எவ்வளவு நீள்கிறது? இந்தியா தன் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 0.64 விழுக்காடு. தென்கொரியா செலவிடுவது ஏறத்தாழ 5 விழுக்காடு. குஜராத்தின் தோலேராவில் அமையும் சில்லு ஆலையின் முதலீடு 91 ஆயிரம் கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி அரசின் மானியம். கிராஃபீன் போன்ற இருபரிமாணப் பொருள்களைக் கொண்டு அடுத்த தலைமுறைச் சில்லுகளை உருவாக்க, ஐந்தாண்டுகளில் 500 கோடி ரூபாய் கேட்டு இந்திய அறிவியல் கழகத்தினர் மத்திய அரசிடம் திட்டம் அளித்திருப்பதாக 2025-இல் செய்தி வெளியானது. இரண்டையும் அருகருகே வைத்தால், பிறர் கண்டறிந்த தொழில்நுட்பத்தை வாங்குவதற்கும் நாமே கண்டறிவதற்கும் நாம் தரும் மதிப்பின் விகிதம் தெரியும்.

விலைக்கு வாங்கிய தொழில்நுட்பத்தின் ஆயுள் என்ன என்பதை எங்கள் பகுதி மக்கள் ஒருமுறை பார்த்துவிட்டார்கள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதற்கு வரித் தகராறு, நிறுவனம் கைமாறியது, கைப்பேசிச் சந்தையின் மாற்றம் எனப் பல காரணங்கள். ஆனால், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கற்றிருந்த வேலை ஒரே ஒரு தயாரிப்பின் பாகங்களைக் கோப்பது மட்டுமே என்பதால், ஆலையோடு அந்தத் திறமைக்கும் மதிப்பு போயிற்று. இன்றும் விடியற்காலையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால், ஸ்ரீபெரும்புதூருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் செல்லும் நிறுவனப் பேருந்துகளுக்காகப் பெண்கள் காத்திருப்பதைக் காணலாம். அவர்களுள் இயற்பியலும் வேதியியலும் படித்த பட்டதாரிகளும் இருக்கிறார்கள். வேலை கிடைத்திருப்பது நல்லதே, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், ஒரு நிறமாலைமானியை இயக்கவும் அதன் முடிவைப் படித்துச் சொல்லவும் ஓராண்டுப் பயிற்சியில் கற்றுக்கொள்ளக்கூடியவர்கள் திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை.

தொழிலும் அறிவியலும் கைகோக்கும் நிறுவனங்களை அமைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1948-இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தோல் பதனிடுவோரின் பிரச்சினைகளை அது தன் ஆய்வுப் பொருளாக ஏற்றது. 1956-இல் கோவையில் நூற்பாலைகள் ஒன்றுகூடி அமைத்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், பஞ்சையும் நூலையும் சோதித்துத் தரம் சொல்லும் பணியை ஆலைகளுக்குச் செய்தது. 1968-இல் கிண்டியில் மத்திய பிளாஸ்டிக் பொறியியல் நிறுவனம் வந்தது. பிளாஸ்டிக் அன்று புதிய பொருள். கலவை, அச்சு, சோதனை அனைத்தையும் அங்கே பயின்றவர்கள்தாம் பின்னாளில் சிறு ஆலைகளை நடத்தினார்கள். பிளாஸ்டிக்குக்கு அன்று செய்ததை நானோ பொருள்களுக்கு இன்று செய்யக் கூடாதா?

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற குறிக்கோளைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அதையடுத்து வந்த ஆண்டுகளில்தான் ஆவடியில் கனரக வாகன ஆலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. அந்தக் கொள்கையின் மீது எனக்குப் பல விமர்சனங்கள் உண்டு. வகுப்பறையில் அவற்றைச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால், தனியொரு சிறு முதலாளியால் அமைத்துக்கொள்ள முடியாத கொட்டகை, மின்சாரம், சாலை ஆகியவற்றை அரசு பொதுவில் அமைத்துத் தந்தால் தொழில் தானே வளரும் என்ற கணிப்பு பலித்தது. இன்றைய கொட்டகை, அளவீட்டுக் கூடம்.

அருகருகே இருப்பதாலேயே ஆய்வகமும் ஆலையும் இணைந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆவடியில் பீரங்கி வண்டியை வடிவமைக்கும் ஆய்வு நிறுவனமும், அதைத் தயாரிக்கும் ஆலையும் ஒரே ஊரில் உள்ளன. எனினும், 1974-இல் ஒப்புதல் பெற்ற அர்ஜுன் பீரங்கி வண்டியின் முதல் தொகுதி படையின் கைக்கு வர 2004 ஆயிற்று. இணைப்பை ஒரு பணியாக ஏற்று, அதற்கென்றே ஒரு நிறுவனம் இயங்கினால்தான் தொலைவு குறையும். கிராஃபீன் பிறந்த மான்செஸ்டரே இதற்குச் சான்று. அங்கே 2015-இல் 6.1 கோடி பவுண்டு செலவில் தேசியக் கிராஃபீன் நிறுவனம் திறக்கப்பட்டது. ஆய்வு மட்டும் போதாது என்று உணர்ந்து, தொழில் நிறுவனங்கள் வந்து தங்கள் கலவைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே 2018-இல் மேலும் 6 கோடி பவுண்டு செலவில் இரண்டாவது மையத்தைத் திறந்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துக் கேரளத்தில், மாநில டிஜிட்டல் பல்கலைக்கழகமும் திருச்சூர் சி-மெட் ஆய்வகமும் டாடா ஸ்டீல் நிறுவனமும் சேர்ந்து, ஏறத்தாழ 86 கோடி ரூபாய்த் திட்டமாக இந்தியக் கிராஃபீன் புத்தாக்க மையத்தைத் தொடங்கியிருக்கின்றன. தொழிற்சாலைகள் நம்மைவிடக் குறைவாக உள்ள மாநிலம் அது.

இத்தனைக்கும் மூலப்பொருள் நம்மிடம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் செதில் வகைக் கிராஃபைட் படிவு உள்ளது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே அதை வெட்டியெடுத்துச் சுத்திகரிக்கும் ஆலையை நடத்தி வருகிறது. அந்தக் கிராஃபைட் பெரும்பாலும் உலைச் செங்கல்லுக்கும் மூசைக்கும் போகிறது. அதே மாவட்டத்தில் காரைக்குடியில், வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்குகிறது. மின்கலன் ஆராய்ச்சியில் அதற்கு நெடிய அனுபவம் உண்டு. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கிராஃபைட்டும் இடம்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் சீனா கிராஃபைட் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் அதன் மதிப்பு எல்லோருக்கும் உறைத்தது. கனிமம், ஆய்வகம், தொழிற்பேட்டை மூன்றும் ஒரே மாநிலத்தில் இருந்தும், மூன்றையும் கோக்கும் நூல் இல்லை.

ஆகவே, என் கோரிக்கை சிறியது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே நானோ பொருள்களுக்கான ஒரு பொதுச் சோதனை மற்றும் சான்றளிப்பு மையம் வேண்டும். கட்டடமும் கருவிகளும் அரசின் பொறுப்பு. அறிவியல் மேற்பார்வை சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், காரைக்குடி நிலையம் ஆகியவற்றின் பொறுப்பு. அன்றாட நடைமுறைச் செலவைக் கோவை ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தைப் போல் உறுப்பினர் கட்டணத்தால் ஈடுகட்டலாம். நாடறிந்த இயந்திரக் கருவிக் கண்காட்சியை நடத்திவரும் அம்பத்தூர் உற்பத்தியாளர் சங்கத்துக்கு இதை நிர்வகிக்கும் ஆற்றல் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாய் மதிப்பில் செமிகண்டக்டர் இயக்கத்தை அறிவித்துள்ளது; சூலூரிலும் பல்லடத்திலும் பூங்காக்கள் அமையவுள்ளன. அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

மையத்துக்கு இன்னொரு பணியும் உண்டு. மீநுண் தூள் மூச்சில் கலந்தால் என்னவாகும் என்ற கேள்வி விளையாட்டல்ல. கரிம நானோ குழாய்களில் ஒரு வகையை, புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ள பொருள் என 2014-இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. கிராஃபீன் வேறு பொருள்தான். ஆனாலும், பெயர் தெரியாத கருந்தூளை முகக்கவசமின்றிக் கையால் அள்ளிக் கலவையில் கொட்டும் தொழிலாளியின் நுரையீரலுக்கு, டப்பாவில் என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமை முதலாளியைவிடக் கூடுதலாகவே உண்டு.

இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, எந்தப் பொருள் வெல்லும் என்று தீர்மானிப்பது அரசின் வேலையா என்பது. இல்லைதான். கிராஃபீனுக்கு மானியம் தரும்படி நான் கேட்கவில்லை. மையத்தின் சான்று, 'உங்கள் தயாரிப்புக்குக் கிராஃபீன் தேவையில்லை. வழக்கமான கார்பன் கருமையே போதும்' என்றுகூடச் சொல்லலாம். அதுவும் பயனுள்ள விடையே. ஒரு தொழிற்கூடத்தின் பணம் மிச்சம். உரைகல் எந்த நகைக்கும் பரிந்து பேசுவதில்லை.

இரண்டாவது மறுப்பு, 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாட்டு, புத்தாக்க நிதி இருக்கிறதே என்பது. வரவேற்க வேண்டிய திட்டம் அது. ஆனால், ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பத்தைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு நீண்ட காலக் கடனும் முதலீடும் தருவதே அதன் நோக்கம். என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்தவர்களுக்கு அது உதவும். கையிலிருப்பது என்ன என்றே தெரியாதவருக்குக் கடன் எதற்கு? அதேபோல், முதிர்ச்சி பெறாத மூலக்கூறு மின்னணுவியல் போன்ற துறைகளுக்கும் அந்த நிதி எட்டாது. இரு முனைகளிலும் இடைவெளி இருக்கிறது. ஒரு முனைக்குப் பொறுமையான ஆராய்ச்சிப் பணம் வேண்டும். மறு முனைக்கு உரைகல் வேண்டும்.

அண்மையில் மாணவரின் தொழிற்கூடத்துக்குப் போயிருந்தேன். மூலப்பொருள் அலமாரியின் மேல்தட்டில் அந்த டப்பா மூடியபடி இருந்தது. "தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, சார், பயன்படுத்தவும் துணிவில்லை" என்றார். மூன்றாம் முறை வாங்க அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவரப் பேருரைகளோ மாநாடுகளோ தேவையில்லை. தொழிற்பேட்டையின் ஏதேனும் ஒரு தெருவில், காலையில் டப்பாவைக் கொடுத்தால் மாலையில் விடை சொல்லும் ஒரு கூடம் போதும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), அம்பத்தூர்.